டோஃபுவைப் பிழியத் தெரிந்தால் போதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீகனுக்கு மாறி 4 மாதம் ஆகிறது. பால், தயிர், முட்டை எதையும் தொடுவதில்லை. வீட்டில் ஆளாளுக்கு "புரதத்துக்கு என்ன பண்ணுவே?" என்று துளைத்தெடுக்கிறார்கள். டோஃபு (சோயா பாலில் செய்யும் பன்னீர்) வாங்கிச் செய்தேன், ஈரப் பஞ்சை மென்ற மாதிரி இருந்தது. மீல்மேக்கர் வாடை ஆகவே ஆகாது. புரதமும் வேண்டும், வாயில் வைக்கிற மாதிரியும் இருக்க வேண்டும். வழி உண்டா அக்கா?

பதில்: உண்டு. முதலில் துளைப்பவர்களின் வாயை அடைக்க ஒரு கணக்கு. சாதாரண வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகவே செரிக்கும் என்பதால் 55 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆகாத அந்த மீல்மேக்கரில், காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தாலே 25 கிராம் புரதம், அதாவது கிட்டத்தட்ட பாதிக் கணக்கு முடிந்தது. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம் போல இருக்கும். ஆக, புரதம் ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை.

நானும் முதல்முறை டோஃபு பாக்கெட்டைப் பிரித்து அப்படியே துண்டு போட்டு எண்ணெயில் தள்ளியவள்தான். சட்டியெல்லாம் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டி, கரண்டியால் சுரண்டச் சுரண்ட உதிர்ந்து, கடைசியில் உப்புப் போட்ட சுண்ணாம்பு மாதிரி ஒன்றை வீணாக்க மனமில்லாமல் தின்று தீர்த்தேன். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்போது மசாலா எங்கே போய் உட்காரும்?

கெட்டி டோஃபுவாகப் பார்த்து வாங்குங்கள். சுத்தமான துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் ஒன்றை 20 நிமிடம் ஏற்றி வையுங்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி, முதல்நாள் ராத்திரியே பாக்கெட்டோடு ஃப்ரீசரில் போட்டுவிடுவது. காலையில் பார்த்தால் மஞ்சளாகிக் கல் மாதிரி இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருந்த தண்ணீர் ஐஸாகி, சின்னச் சின்னத் துளைகளை உண்டாக்கியிருக்கும். நன்றாக உருகியதும் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தண்ணீர் கொட்டும். இப்போது அது சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, பூண்டு எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள், ஓரம் கரடுமுரடாக இருந்தால்தான் மொறுமொறுப்பு வரும். சோள மாவில் (கார்ன்ஃப்ளார்) லேசாகப் புரட்டி, நன்றாகக் காய்ந்த சட்டியில் போட்ட பிறகு கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கணும். அடிப்பக்கம் சிவந்தால் அதுவே சட்டியை விட்டு வரும், அதற்குமுன் கிளறினால் பழைய கதைதான்.

மீல்மேக்கருக்கும் இதே சூத்திரம். உப்புப் போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள், பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள், பிழிந்த தண்ணீர் தெளியும்வரை. நீங்கள் சொல்லும் வாடையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் நேரே குழம்பில் கொட்டாமல், கொஞ்சம் எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. வீகன் சமையல் சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது உமாமி என்கிற அந்த ஆழமான ருசி. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, 1908-இல் கடற்பாசி வேகவைத்த நீரிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இந்த ருசிக்குக் காரணம் இதுதான் என்று சொன்னார். காளான், சுண்ட வதக்கிய தக்காளி, சோயா சாஸ், மிசோ என்கிற ஜப்பானியப் புளித்த சோயா விழுது எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சமையலில் தூவுகிற, பொங்காத உலர் ஈஸ்ட்) கிடைத்தால் விடாதீர்கள், சீஸ் மாதிரி ஒரு ருசி தரும், எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டப் புரதம்.

கேள்வி: தினமும் ஒரு கைப்பிடி பாதாம், ஒரு டம்ளர் பாதாம் பால். புரதத்துக்கு இது போதும்தானே?

பதில்: போதாது. 100 கிராம் பாதாமில் புரதம் 21 கிராம் இருக்கிறது என்பது சரிதான், ஆனால் கூடவே 580 கலோரி வரும். ஒரு கைப்பிடியில் 6 கிராம்தான். கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு டம்ளருக்குப் பெரும்பாலும் 1 கிராம் புரதம் தேறும். அதே டம்ளரில் சோயா பால் என்றால் 7 கிராம் போல. கொட்டை வகையை ருசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெயை வெந்நீரில் கரைத்து, சோயா சாஸ், எலுமிச்சை, மிளகாய்த்தூள் சேர்த்தால் அருமையான சாஸ். மேலே சொன்ன டோஃபு மீது ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பயறு சாப்பிட்டாலே வயிறு ஊதிக்கொள்கிறது. என்ன செய்ய?

பதில்: பயறில் இருக்கும் ரஃபினோஸ் வகைச் சர்க்கரையை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியா அதைத் தின்று வாயு விடுகிறது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தோல் நீக்கி உடைத்த பருப்பில் தொந்தரவு குறைவு. எடுத்த எடுப்பில் ஒரு கிண்ணம் வேண்டாம், இரண்டு கரண்டியில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டுங்கள், குடலும் பழகிக்கொள்ளும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டே ஆகவேண்டும். அரைவேக்காடாக இருந்தால் அதிலுள்ள லெக்டின் என்கிற நச்சுப் பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது.

கேள்வி: தானியமும் பயறும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால்தான் முழுப் புரதம் என்கிறார்களே?

பதில்: பழைய கருத்து. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் தானியத்தில் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு, அதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே தட்டில் சேர வேண்டியதில்லை, ஒரு நாளைக்குள் இரண்டும் உள்ளே போனால் சரி. நீங்கள் கவலைப்பட வேண்டியது வைட்டமின் பி12 பற்றி. எவ்வளவு பயறு தின்றாலும் அது கிடைக்காது, மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம். எந்த அளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டை வெள்ளைக்குப் பதிலாக அடிக்கலாம் என்று தோழி சொல்கிறாள். கிண்டல் செய்கிறாளா?

பதில்: இல்லை, நிஜம்தான். இத்தனை நேரம் தண்ணீரைப் பிழி, கொட்டு என்ற நானே இதைச் சொல்கிறேன்: இந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அக்வஃபாபா என்று பெயர். உப்பில்லாமல் வேகவைத்து வடிகட்டி, நீர்க்க இருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்டவைத்து, நன்றாக ஆறியபின் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரால் அடியுங்கள். பத்து நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை நிற்கும், சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மெரிங்கே என்கிற மொறுமொறு இனிப்பு சுடலாம். புரதக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அதில் இருப்பது சொற்பம். கடலையை நீங்கள் சாப்பிடுங்கள், நுரையைத் தோழிக்குக் கொடுங்கள்.