பள்ளிக்கூடச் சுவரில் ஒளி ஓவியம்: எத்தனை லூமன் வேண்டும், மூடுபனி இறங்கினால் என்ன வழி?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் பள்ளிக்கு வரும் ஜனவரியில் நூற்றாண்டு விழா. சுண்ணாம்பு பூசிய பழைய கல் கட்டடம். முகப்பு 16 மீட்டர் அகலம், நடுக்கூம்பையும் சேர்த்தால் 10 மீட்டர் உயரம். மாடியில் 12 ஜன்னல், கீழே 12. முன்னால் 20 மீட்டருக்கு மைதானம் இருக்கிறது. சிட்னி ஓபரா ஹவுஸ் மேல் ஒளிப்படம் ஓடும் வீடியோவைக் காட்டி, நம் சுவரிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்கிறார்கள் மாணவர்கள். கருவிகளை வாடகைக்குத் தரும் கோயம்புத்தூர்க்காரரோ எல்இடி வால் (எல்இடி பலகைகளை அடுக்கிய பெரிய திரை) போதும் என்கிறார். எது சரி? எத்தனை லூமன் புரொஜெக்டர் எடுப்பது? மூடுபனி வந்துவிட்டால் எல்லாம் வீணா?
(முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர், கோத்தகிரி)

பதில்: மாணவர்கள் பக்கம்தான் நான். சுவரிலேயே செய்யுங்கள். நூறு வயதுக் கட்டடத்துக்கு விழா எடுத்துவிட்டு, அதன் முகத்தை இரும்புச் சட்டத்தாலும் எல்இடி பலகையாலும் மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. திரை எந்த மைதானத்துக்கும் வரும். அந்தக் கூம்பும் ஜன்னல் வளைவுகளும் உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

சிட்னியில் 2009 முதல் விவிட் என்ற ஒளி விழாவுக்காக ஓபரா ஹவுஸின் கூரையில் படம் ஓட்டுகிறார்கள். அந்தக் கூரை முழுக்க வெள்ளையும் இளமஞ்சளுமாக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். வெளிர் நிறப் பரப்பு என்பதால் ஒளியை நன்றாகத் திருப்பித் தருகிறது. ஆனால் சுற்றிலும் ஒரு மாநகரத்தின் விளக்குகள். அவற்றை வெல்லத்தான் அத்தனை புரொஜெக்டர்களை அடுக்குகிறார்கள். உங்களிடம் சுண்ணாம்புச் சுவரும் இருக்கிறது, அவர்களிடம் இல்லாத இருட்டும் இருக்கிறது. உங்கள் செலவைக் குறைக்கப்போவது அந்த இருட்டுதான்.

கணக்கு சுலபம். புரொஜெக்டர் மொத்தமாகத் தரும் ஒளியின் அளவு லூமன்; அதில் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். 1920க்கு 1200 புள்ளி உள்ள புரொஜெக்டரில் 16 மீட்டர் அகலப் படம் சரியாக 10 மீட்டர் உயரம் வரும். பரப்பு 160 சதுர மீட்டர். 10,000 லூமனை 160ஆல் வகுத்தால் சுவரில் விழுவது ஏறக்குறைய 62 லக்ஸ். சுவரில் ஏற்கெனவே விழும் வெளிச்சத்தைப்போல் இது பத்து மடங்கு இருந்தால் நிறம் நிற்கும். மூன்று மடங்காகக் குறைந்தால் சிவப்பு வெளிறும், கறுப்பு சாம்பலாகும். அப்படியானால் சுவரில் 6 லக்ஸுக்கு மேல் வேறு வெளிச்சம் இருக்கக் கூடாது. தெருவிளக்கு ஒன்று எதிரே நின்றாலே இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

அதனால் புரொஜெக்டர் தேடப் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஏழரை மணிக்கு மைதானத்தில் போய் நில்லுங்கள். முடிந்தால் ஒரு லக்ஸ் மீட்டரைக் கடன் வாங்கிக்கொண்டு போய் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். போன் ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. எந்த மூலை வெளிச்சம், எந்த மூலை இருட்டு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். எந்தெந்த விளக்கு சுவரைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: வாசல் ட்யூப் லைட், அலுவலக வராந்தா, எதிர்க் கடைப் பலகை, சாலை விளக்கு. தெருவிளக்கை அரை மணி நேரம் நிறுத்தித் தரச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். எல்லாம் அணைந்தால் 10,000 லூமன் தாராளம். அணையவில்லை என்றால் 20,000 எடுத்தும் திருப்தி இருக்காது. பௌர்ணமியைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுநிலா தருவது அரை லக்ஸுக்கும் கீழேதான்.

எல்இடி வால் ஏன் வேண்டாம் என்பதற்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. உங்கள் சுவர் 62 லக்ஸில் திருப்பித் தரும் ஒளிர்வு சுமார் 14 நிட் (ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு நிட்). சினிமா தியேட்டர் திரைக்கே அளவுகோல் 48 நிட்தான். வெளியிடத்துக்கென்று வாடகைக்கு வரும் எல்இடி பலகைகள் பகல் வெயிலுக்காகச் செய்யப்பட்டவை; 4,000 நிட்டுக்கு மேல் போகும். அதை 5 சதவீதத்துக்கு இறக்கினாலும் 200 நிட். பக்கத்தில் அப்படி ஒன்று எரிந்தால் சுவரில் இருப்பது கண்ணுக்கே வராது. மேடைப் பேச்சுக்கு எல்இடி வைத்தே ஆக வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் சுவர்க்காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பே அதையும் மைதான விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகினால் அந்த 14 நிட்டே பளிச்சென்று தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பழைய ஆசிரியர் மைக் இல்லாமல் பேசட்டும்.

இனி மூடுபனி. ஜனவரியிலும் முதல் வாரங்களை நம்ப வேண்டாம். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் உங்கள் பக்கம்தான் இழுத்துக்கொண்டே போகும். பொங்கலுக்குப் பிறகு தேதி வையுங்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் அதே பருவத்தில் வரும் என்பதால் அந்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். பாதி ஊர் அங்கே இருக்கும்.

அப்படியும் பனி இறங்கலாம். 100 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத அளவு மூடுபனி என்றால், 20 மீட்டர் பயணம் செய்யும் ஒளியில் ஏறக்குறைய பாதி வழியிலேயே சிதறிவிடும். சுவரிலிருந்து உங்கள் கண்ணுக்குத் திரும்பும்போது மறுபடியும் அதே இழப்பு. அதைவிடப் பெரிய தொல்லை, சிதறிய ஒளி கண்ணுக்கு முன்னால் திரைகட்டுவது. மலைப்பாதையில் பனிக்குள் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புமே, அதே கதைதான். அதற்கு டிரைவர்கள் செய்வதையே செய்யலாம்: ஒளி போகும் பாதையையும் கண் பார்க்கும் பாதையையும் பிரித்துவிடுவது. வண்டியில் பனிவிளக்கு கண்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கும். இங்கே புரொஜெக்டரை உயரமான ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, ஜனங்களை ஒளிக்கற்றைக்குக் கீழே, சுவருக்கு நெருக்கமாக உட்கார வையுங்கள். இவ்வளவு சக்தியுள்ள லேசர் புரொஜெக்டரின் லென்ஸை யாரும் நேராகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கும் அந்த உயரம் உதவும்.

மூடுபனிக்கென்று தனியாக ஒரு கோப்பும் தயாராக இருக்கட்டும். அதில் முகம், எழுத்து, நுணுக்கம் எதுவும் வேண்டாம். தடித்த வெள்ளைக் கோடுகள், மெதுவாக நகரும் வட்டங்கள் போதும். சுவரில் அவை தெரியாவிட்டாலும், தலைக்கு மேலே பனிக்குள் ஒளியின் தகடுகளாக நிற்கும். 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைஞர் ஃபூஜிகோ நகாயா ஒரு அரங்கத்தைச் சுற்றிலும் நுண்குழல்களால் நீரைப் பீய்ச்சி செயற்கை மூடுபனியை உண்டாக்கினார். அதையே சிற்பம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு அந்தச் செலவுகூட இல்லை.

ஆனால் பனியைப் பற்றிக் கவலையே படாத இன்னொரு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்த 24 ஜன்னல்கள். 2001 செப்டம்பரில் பெர்லின் அலெக்சாண்டர் சதுக்கத்தில், ஆசிரியர்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தை கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்து இளைஞர்கள் திரையாக்கினார்கள். மேல் எட்டு மாடிகளில் மாடிக்கு 18 ஜன்னல், மொத்தம் 144. கண்ணாடிக்கு வெள்ளைப் பூச்சு, பின்னால் ஜன்னலுக்கொரு விளக்கு, அணைத்து ஏற்ற ரிலே, எல்லாவற்றையும் ஒரு கணினி இயக்கியது. அந்த 144 புள்ளியில் அசையும் படங்கள் ஓடின. தெருவில் நின்றவர்கள் கைபேசியிலேயே அதில் பாங் என்ற பழைய வீடியோ கேம் ஆடினார்கள். 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் கலைக்கூடம் தன் முகப்பின் உள்ளே 930 வட்டக் குழல்விளக்குகளை வைத்து இதையே நிரந்தரமாகச் செய்தது. புள்ளிகள் குறையக் குறைய கட்டடம் கூடுதலாகத் தெரியும்.

உங்களுக்கு இது இன்னும் எளிது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் உள்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். ஓர் அடி பின்னால் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று. ஜன்னலுக்கு நேராக இல்லாமல் பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பினால் வெளிச்சம் ஒரே சீராகப் பரவும். ஜன்னலுக்கு ஒரு மாணவர், கையில் ஒரு சுவிட்ச். உள்ளே ஒருவர் தாளம் தட்டி எண்ணிக்கை சொல்லட்டும்: ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடும் அலை, மேலும் கீழும் மாறி மாறி, கடைசியில் எல்லாம் ஒன்றாக. ரிலே போர்டு வைத்துக் கணினியிலும் ஓட்டலாம். பிள்ளைகள் கையால் இயக்குவதையே நான் விரும்புகிறேன். சற்று முந்திப் பிந்தி எரிவதில்தான் உயிர் இருக்கிறது. இங்கே ஒளி உள்ளிருந்து வெளியே ஒரே ஒரு முறைதான் பனியைக் கடக்கிறது. நுணுக்கம் எதுவும் இல்லாததால் தொலைந்துபோகவும் எதுவும் இல்லை. பனி இருந்தால் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ஒளிவட்டம் கட்டும். மெழுகுவத்தி, அகல் மட்டும் வேண்டாம். காகிதமும் பழைய மரச்சட்டமும் பக்கத்திலேயே இருக்கின்றன. வானம் தெளிந்திருந்தால் புரொஜெக்டரும் ஜன்னலும் மாறி மாறி வரட்டும்.

கருவிக்கு வருகிறேன். மைதானம் 20 மீட்டர், படம் 16 மீட்டர், வகுத்தால் 1.25. த்ரோ ரேஷியோ 1.25ஐ உள்ளடக்கிய லென்ஸ் வேண்டும் என்று வாடகைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். சமவெளி ஆட்கள் அடிக்கடி மறப்பது உயரத்தை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றில் ஃபேன் வழக்கமான வேகத்தில் சுற்றினால் கருவி சூடேறிப் பாதியில் நின்றுவிடும். மெனுவில் ஹை ஆல்டிட்யூட் மோட் இருக்கும். பல நிறுவனங்கள் 1,500 மீட்டருக்கு மேல் அதைப் போடச் சொல்கின்றன. சத்தம் கூடும், பரவாயில்லை. பனி படாமல் இருக்க பாலித்தீன் சுற்றிவிடாதீர்கள், மூச்சுமுட்டிவிடும். மேலே கூரை, பக்கவாட்டில் காற்றுவழி உள்ள பெட்டி போதும். கருவி இழுப்பது சுமார் ஒரு கிலோவாட். மலையில் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் ஆன்லைன் யுபிஎஸ் கட்டாயம்.

மேப்பிங்கை, அதாவது படத்தைக் கட்டடத்தின் வடிவத்தோடு பொருத்தும் வேலையை, முந்தின ராத்திரியே முடித்துவிட வேண்டும். மென்பொருள் ரெசல்யூம் அரீனா, மேட்மேப்பர் இரண்டில் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கர்சரையே சுவரில் விழ வைத்து, அதை ஜன்னல் வளைவின் விளிம்போடு ஊர்ந்து ஊர்ந்து நகர்த்திக் கோடு போடுவது. கணினிப் படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே வரையுங்கள். ஒரு புள்ளி சுவரில் 8 மில்லிமீட்டர். காரை உதிர்ந்த இடம்கூடத் தெரியும். முடிந்ததும் ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் பெயிண்டால் குறியுங்கள். கருவி அரை டிகிரி திரும்பினாலே 20 மீட்டரில் படம் 17 சென்டிமீட்டர் விலகிவிடும். ஜன்னலுக்குப் போட்ட கோடு கல்லில் போய் உட்காரும். ராத்திரி முழுக்க யாராவது காவல் இருக்கட்டும்.

படத்தில் எதைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். இரண்டு விஷயம் மட்டும். தமிழ் எழுத்துகளுக்குத் தடித்த எழுத்துரு எடுங்கள். கல் முண்டும் முடிச்சுமாக இருக்கும் சுவரில் முதலில் காணாமல்போவது புள்ளி. ‘கல்வி’யை ‘கலவி’ என்று வாசித்துவிட்டால் நூற்றாண்டு விழாவில் பெரிய சங்கடம். இன்னொன்று, வெள்ளைப் பரப்பில் சிவப்பும் கறுப்புமான தோடர் பூத்தையல் வடிவங்கள் இந்தச் சுவருக்கென்றே செய்தது போலப் பொருந்தும். நூலை எண்ணி எண்ணித் தைக்கும் கலை அது, கட்டம் கட்டமாக அசையும். ஆனால் இணையத்திலிருந்து எடுத்து ஓட்டாதீர்கள். தைக்கும் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்களையும் மேடைக்கு அழைத்துச் செய்யுங்கள்.

வானத்தை நோக்கிச் சுழலும் ஸ்கை ட்ராக்கரை வாடகைக்காரர் இலவசமாகவே தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 செனான் விளக்குகள் வானத்துக்கு ஒளி பாய்ச்சுகின்றன. ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகள் மட்டும் பதிவானவற்றை வைத்து, சுமார் 11 லட்சம் பறவைகளை அந்த ஒளி பாதித்ததாக 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விளக்கை அணைத்ததும் அவை கலைந்துபோனதையும் அதே ஆய்வு கண்டது. சோலைக்காட்டு ஓரத்தில் இருக்கும் ஊருக்கு இது விளையாட்டில்லை. படத்தின் விளிம்பைச் சுவருக்குள்ளேயே வெட்டுங்கள். புரொஜெக்டரின் கறுப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதற்கு லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையை வெட்டி வையுங்கள். கூரை விளிம்பின் அடியில் உழவாரன் குருவியின் கூடு இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தப் பகுதியில் ஒளி விழாமல் மறைத்துவிடலாம். காட்சி அரை மணிக்கு மேல் வேண்டாம்.

இருட்டில் கூட்டம் கலைவதும் ஒரு வேலை. கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊர். வனச்சரக அலுவலகத்தில் முன்பே தெரியப்படுத்துங்கள். வெளியேறும் வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையைப் பார்த்த சிறு விளக்குகளை வைத்தால் பாதையும் தெரியும், சுவரும் கெடாது. சாப்பாட்டு மிச்சத்தை அன்று ராத்திரியே அகற்றிவிடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பத்து மணிதான் எல்லை. ஜனவரியில் ஆறேகால் வாக்கில் பொழுது சாய்வதால் ஏழுக்கு ஆரம்பித்தால் நிதானமாக முடியும். கோயம்புத்தூர் வண்டிக்கு இ-பாஸ் தேவையா என்று வாடகைக்காரரையே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: புரொஜெக்டரின் மாடல் எண்ணும் லூமனும், லென்ஸின் த்ரோ ரேஷியோ, முந்தின நாள் மதியமே கருவியும் ஆபரேட்டரும் கோத்தகிரியில் இருப்பார்கள் என்ற உறுதி. ஒத்திகைக்கு ஒரு ராத்திரி தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். பட்ஜெட் அதற்கு இடம் தராவிட்டால் புரொஜெக்டரை விட்டுவிட்டு, 24 பல்பும் பட்டர் பேப்பரும் வாங்கி ஜன்னல் வேலையை மட்டும் செய்யுங்கள்.