தள்ளுபடி கடிதம் வந்தால் அதோடு முடிந்ததா?

கேள்வி: என் கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து 2022-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். முதுகில் டிஸ்க் விலகி, கடைசி 5 வருடம் லோ மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதி குறைந்தவர் பிரிவு). ராணுவ மெடிக்கல் போர்டில் ஊனம் 30 சதவீதம் என்று போட்டார்கள், ஆனால் ஊன ஓய்வூதியம் கிடையாது என்று கடிதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இனி எழுதலாமா? எதில் தப்பு செய்யக்கூடாது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எழுதலாம் தங்கச்சி, கட்டாயம் எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 6 மாதம்தான் கெடு, அது போய்விட்டது. அதனால் தாமதம் ஏன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுப் போடுங்கள், அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். இனியும் தள்ளிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் பிறகு ராணுவத்தினர் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்தாலும் பழைய பாக்கி பொதுவாக வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி 3 வருடத்துக்குத்தான் கிடைக்கும்.

அப்புறம், அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். வலி இல்லை என்று அதில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 20 சதவீதம் இருந்தாலே போதும், உங்களுக்கு 30 இருக்கிறது. பெரும்பாலும் தள்ளுபடி ஆவது ஒரே வரியில்: 'ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை.' உங்கள் மனு அந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்த மனுக்களில் பாதி, குடும்பக் கஷ்டம், பிள்ளைகள் படிப்பு, தோட்ட வேலைக்குக் குனிய முடியவில்லை என்றே போகும். எல்லாம் நிஜம், ஆனால் நோய் எங்கே வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். இன்னும் சிலர் கோயம்புத்தூர் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ஸ்கேன் எடுத்து வைக்கிறார்கள். அது இன்றைய வலியைக் காட்டும், அன்று பணியில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

தேவையானது பழைய காகிதம். சேரும்போது மெடிக்கலில் முதுகு நன்றாக இருந்ததா? முதலில் எந்த வருடம், எந்த போஸ்ட்டில் இருந்தபோது ராணுவ ஆஸ்பத்திரியில் (எம்.எச்.) சேர்த்தார்கள்? சேரும்போது குறிப்பு எதுவும் இல்லாமல் பின்னால் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் காரணத்தை போர்டுதான் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மெடிக்கல் போர்டு நகல் கையில் இல்லாமல் மனு எழுதவே எழுதாதீர்கள். உங்களுக்கு ஒரு வசதி, மெட்ராஸ் ரெஜிமென்ட் ரிக்கார்ட்ஸ், அதாவது ஆவண அலுவலகம், பக்கத்தில் வெலிங்டனிலேயே இருக்கிறது. எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

30 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடச் சொல்லியும் மனுவிலேயே கேளுங்கள். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அப்படி உயர்த்திக் கணக்கிடுவது உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 30 சதவீத ஊனத்துக்கு மாதம் 3,600, அதையே 50 ஆக எடுத்தால் 6,000. அகவிலைப்படி தனி.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாக்கித் தொகையில் பங்கு கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் அதையும் சரி செய்துவிடுங்கள். காகிதங்களை முதலில் போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை இரும்புப் பெட்டியில்தான் வைத்திருந்தோம், இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து சீல் இருந்த இடமே நீலக் கறையாகிப் போனது. தேதியைப் படிக்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அவரை உட்கார வைத்து, முதுகு முதல் தடவை பிடித்தது எந்த மாதம், என்ன சுமை தூக்கினார், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்றுதான் ஆரம்பிப்பார், 24 வருடப் பழக்கம் அது. விடாமல் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.