கோபக்கார வீரர்களைத் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கினால் மரடோனா கதைதானா?

கேள்வியைப் பார்த்தால், "உனக்குக் கோபம் ஜாஸ்தி, கோச் வேலையெல்லாம் சரிப்படாது" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. எனக்குச் சொன்னவர் எங்கள் கல்லூரி பி.டி. சார். ரெஃப்ரியிடம் வாய் கொடுத்து ரெட் கார்டு வாங்கியதைக் காரணம் காட்டி, எனக்கு வர வேண்டிய கேப்டன் பதவியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். (அது பெனால்டிதான். இன்றைக்கும் சொல்வேன்.)

2010 ஜூலை 3, கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி, மரடோனா கோச்சாக இருந்த அர்ஜென்டினாவும் ஜெர்மனியும். ஹாஸ்டல் டிவி அறையில் சாரும் இருந்தார். மூன்றாவது நிமிடமே ஜெர்மனியின் முல்லர் தலையால் முட்டி கோல். சில மாதங்களுக்கு முன் மியூனிக் பிரஸ் மீட்டில், யாரோ பொடியன் என்று நினைத்து, இவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மரடோனா மறுத்தாரே, அதே முல்லர். அர்ஜென்டினா 4-0 என்று தோற்றதும் சார் என் பக்கம் திரும்பி, "பார்த்தியா, கோபக்காரன்கிட்ட டீமைக் கொடுத்தா இதான்" என்றார். கூட்டத்தில் நான் ஒருவன்தான் அர்ஜென்டினா. பதில் பேச விடவில்லை.

இப்போது சொல்கிறேன். தோற்றது கோபத்தால் இல்லை சார், ஆள் தேர்வால். அந்த மே மாதம்தான் இன்டர் மிலானுக்காக ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் வென்ற அர்ஜென்டினாக்காரர்கள் ஸனெட்டியையும் கேம்பியாசோவையும் உலகக் கோப்பை நடந்த தென்னாப்பிரிக்காவுக்கே மரடோனா கூட்டிப் போகவில்லை. நடுக்களத்தில் பந்தைப் பிடுங்க மஸ்செரானோ ஒருவர். சென்டர் பேக்கான, அதாவது நடுவில் தடுத்தாடும் ஒட்டமென்டியை வலது ஓரத்தில் நிறுத்த, ஜெர்மனியின் பொடோல்ஸ்கி அந்தப் பக்கமே புகுந்து போனார். சாந்த சொரூபி ஒருவர் இதே அணியை இறக்கியிருந்தாலும் அடி வாங்கியிருப்பார். 2008-ல் பொறுப்பேற்றபோது மரடோனாவுக்கிருந்த கோச் அனுபவம் 90-களில் மாண்டியூ, ராசிங் கிளப்புகளில் கொஞ்ச காலம், அவ்வளவுதான். அதைத் தெரிந்தே பதவி கொடுத்த அர்ஜென்டினா கால்பந்து சங்கத் தலைவர் கிரொண்டோனாவை யாரும் கேட்பதில்லை.

அர்ஜென்டினா நடுக்கள வீரர் ரிக்கெல்மே மரடோனாவோடு கோபித்துக்கொண்டு அணியை விட்டுப் போனதைச் சிலர் எடுத்துவருவீர்கள். சரி. மான்டிவிடியோவில் உருகுவேயை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவு மரடோனா நிருபர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, ஃபிஃபாவிடம் 2 மாதத் தடை வாங்கியதும் உண்மை. ஆனால் களத்தில் இறங்கிய வீரர்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்த கோச்சும் அவர்தான். பிரேசில்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கோச் துங்காவும் முன் அனுபவம் இல்லாத முறைப்புக்காரர்தான், அதே உலகக் கோப்பையில் எங்களுக்கு முந்தின நாளே மூட்டை கட்டினார். அதே துங்கா 2007-ல் தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்கா ஜெயித்தாரே, அப்போது மட்டும் கோபம் எங்கே போயிருந்தது?

நான் இப்போது ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கத்துவேன்தான், ஆனாலும் ஒரு பையன்கூட நின்றுபோகவில்லை. போனது மைதானம்தான். அவர்கள் ஆடிய காலி மனையில் செயற்கைப் புல் போட்டு டர்ஃப் ஆக்கி, மணிக்கு 1000 ரூபாய் என்கிறார்கள்.