78 நிறத்தையும் டிஎம்சியிலேயே வாங்க வேண்டுமா?

கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, எனக்கு வேலை இன்னும் அமையவில்லை, கணவர் ஒருவரின் சம்பளம்தான், சும்மா இருக்க முடியாமல் கையில் விளக்கேந்திய பெண்ணின் பெரிய கிராஸ் ஸ்டிச் படம் ஒன்றைத் தொடங்க ஆசை, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் சார்ட்டோ டிஎம்சி பிராண்டு நூலில் 78 நிறங்கள் கேட்கிறது, மலிவான நூலில் தைத்தால் கெட்டுவிடுமா, இங்கே நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள், தோழி. தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் 78ஐயும் மலிவு நூலுக்கு மாற்றிவிடாதீர்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்துவிட்டால் செலவு பாதியாகக் குறையும், படமும் தப்பும்.

முதலில் கணக்கு. உங்கள் படம் அகலத்தில் 240 கட்டம், உயரத்தில் 320 கட்டம் என்றால் 76,800 தையல். 14 கவுண்ட் ஐடாவில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள தையல் துணியில், நூலின் ஆறு இழையில் இரண்டை வைத்துத் தைத்தால், 8 மீட்டர் நூல்கட்டு ஒன்றில் நுனி வெட்டி வீணாவது போக 1,500 முதல் 1,800 தையல் வரும். அப்படிப் பார்த்தால் 50 கட்டு பக்கத்தில் முடிய வேண்டும், ஆனால் ஐம்பது தையலே வரும் நிறத்துக்கும் ஒரு முழுக் கட்டு வாங்கித்தானே ஆக வேண்டும், அதனால் 100 பக்கம் வந்து நிற்கும். கட்டு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மேல் ஒன்டாரியோவின் 13 சதவீத வரி. இதை நீங்கள் உடனே ரூபாயாக்க அறுபதால் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள், புதிதாக வந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். இந்தப் படம் எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும். நூலை ஒரே நாளில் வாங்கவும் தேவையில்லை. முதல் குளிர்காலத்தில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கையில் ஒரு வேலை இருப்பது வீண் செலவே இல்லை, அதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சார்ட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த நிறம் எத்தனை தையல் என்று போட்டிருப்பார்கள், பாருங்கள். கம்ப்யூட்டரில் போட்டோவைக் கொடுத்து எடுத்த சார்ட் என்றால் இருபது தையல், முப்பது தையல் மட்டுமே வரும் நிறங்கள் நிறைய இருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் நிறத்திலேயே அவற்றையும் தைத்துவிடுங்கள், சுவரில் மாட்டிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முகத்திலும் கண்ணிலும் மட்டும் இந்த வேலை வேண்டாம், அங்கே ஒரு தையல் மாறினாலும் பார்வையே மாறிவிடும். இப்படியே பத்துப் பதினைந்து நிறம் கழிந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. இரண்டு நிறத்துக்கு நடுவில் ஒரு நிறம் வேண்டுமென்றால் அதைத் தனியாக வாங்காமல், ஊசியில் இதில் ஓர் இழை, அதில் ஓர் இழை கோத்துத் தைக்கலாம். புடவை மடிப்புக்கு அது அழகாகவே இருக்கும்.

தொடக் கூடாதவை என்று நான் சொல்வது முகம், கை, விளக்கின் சுடர். இவற்றுக்கு டிஎம்சியே வாங்குங்கள். தோல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல இறங்கி வருபவை, நடுவில் ஒன்று கொஞ்சம் ரோஸ் பக்கம் சாய்ந்தாலும் கன்னத்தில் தேமல் மாதிரி தெரியும். புடவை, தூண், பின்சுவர், தரை இவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு நிறத்தை ஒரு பிராண்டில் தொடங்கினால் அந்த நிறம் முடியும்வரை அதே பிராண்டுதான், நடுவில் மாற்றினால் பளபளப்பு வேறுபட்டுத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மாற்று நூல் என்றால் என் முதல் ஓட்டு ஊரிலிருந்து வரும் ஆங்கருக்குத்தான். மதுரையில் மதுரா கோட்ஸ் ஆலை தெரியும்தானே, நம் ஊரில் ஆங்கர் அந்த கோட்ஸ் குடும்பத்து நூலாகத்தான் வந்தது. தரம் டிஎம்சிக்குக் குறைந்ததில்லை, அதே ஆறு இழை, அதே 8 மீட்டர். நூறு கட்டு சேர்ந்தாலும் கால் கிலோ வராது, யாராவது வரும்போது பெட்டி ஓரத்தில் செருகிக் கொண்டுவந்துவிடுவார்கள். எண்தான் வேறு. டிஎம்சி 310 கறுப்பு ஆங்கரில் 403, இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல்கள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டிஎம்சியில் 500 நிறம், ஆங்கரில் அதைவிடக் குறைவு, அதனால் பட்டியலில் இரண்டு டிஎம்சி எண்ணுக்கு எதிரே ஒரே ஆங்கர் எண் நிற்கும். உங்கள் சார்ட்டில் அந்த இரண்டும் அடுத்தடுத்த நிழலாக இருந்தால் மடிப்பே காணாமல் போய்விடும். நூல் வாங்கச் சொல்லி ஊரில் அம்மாவுக்குப் பட்டியலை அனுப்பும் முன்னால் ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அப்புறம் சீன நூல். டிஎம்சி எண்களையே லேபிளில் போட்டு 447 நிறங்கள் ஒரே பெட்டியாக ஆன்லைனில் விற்கிறார்கள், கட்டுக்குக் கட்டு பார்த்தால் சில்லறைக் காசுதான். பின்னணிக்கு நானும் இதைத்தான் எடுப்பேன். டிஎம்சி 2017இல் சேர்த்த 01 முதல் 35 வரையான எண்கள் அந்தப் பெட்டியில் இருக்காது, உங்கள் சார்ட்டில் அவை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் தைக்க உட்காராதீர்கள். கட்டிலிருந்து ஓர் இழையை உருவி ஐடாவில் இருபது முப்பது முறை உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள், நல்ல நூல் வழவழப்பு குறையாமல் இருக்கும், மட்டமான நூலில் பஞ்சு கிளம்பும், இழை ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து வரும். லேசாகப் பஞ்சு கிளம்பினால் பரவாயில்லை, நூலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டித் தைத்தால் போதும். சாயம்தான் ஆபத்து. சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நனைத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்து அழுத்துங்கள், துளி சாயம் இறங்கினாலும் அந்தக் கட்டை ஒதுக்கிவிடுங்கள். ஒரு வருஷ உழைப்பு கடைசியில் அலசும்போது போய்விடக் கூடாது.

டாலர் கடையில் கைக்கயிறு பின்ன விற்கும் நூல் வேண்டவே வேண்டாம், அதில் எண் இருக்காது, தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி எங்கே தேடுவது? ஆரி வேலைக்கும் வளையலுக்கும் ஊரில் வாங்கும் சில்க் த்ரெட்டும் இதற்கு ஆகாது, வழுக்கும், மினுக்கும், பருத்தி நூலோடு சேராது. துணியில் மிச்சம் பிடிக்க நினைத்து மேட்டித் துணியையும் வரவழைக்காதீர்கள், கட்டம் ஒரே அளவாக இல்லாவிட்டால் 320 வரிசை தைத்து முடிக்கும்போது முகமே நீண்டுவிடும்.

பழைய பொருள் விற்கும் வேல்யூ வில்லேஜ் கடைகளில் கைவேலைப் பகுதியை விடாமல் பாருங்கள். வயதான அம்மாக்கள் வீட்டைக் காலி செய்யும்போது பை பையாக டிஎம்சி நூல் வந்து சேரும், நிறங்கள் கலந்து கிடக்கும், விலை ஒன்றுமே இருக்காது. பக்கத்து நூலகத்தில் பின்னல் குழு கூடுகிறதா என்றும் கேளுங்கள், இந்த ஊரில் கைவேலைக்காரர்கள் மீந்த நூலைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாலு பேர் பழக்கமும் கிடைக்கும்.

நிறம் பொருத்திப் பார்ப்பதைப் பகலில் ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், மஞ்சள் பல்பில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சை காலையில் வேறு வேறாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் பழைய கட்டையும் மாற்றுக் கட்டையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் துணிந்து மாற்றலாம், சாயல் கொஞ்சம் விலகினாலும் நிழல் சரியாக விழும். ஒன்று வெளுத்துத் தெரிந்தால் வேண்டாம்.

இப்போதைக்கு 310 கறுப்பும் முகத்துக்கான நிறங்களும் மட்டும் வாங்கி முகத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் கடைசிப் பக்கப் பட்டியலை இங்கே போடுங்கள், எந்த நிறங்களைக் கழிக்கலாம், எதற்கு ஆங்கர் போதும் என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். என்னிடம் பச்சையும் பழுப்பும் நிறைய மீந்திருக்கின்றன, எண் பொருந்தினால் அவற்றையும் அனுப்பிவைக்கிறேன்.