பிரிண்டிங் டெக்னாலஜி: பையனைச் சேர்க்கலாமா?

எல்லாம் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் பிரிண்டிங் படித்து என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தித்தாள், பில் புக், டைரி வேலைகள் குறைந்துவருவது உண்மை. ஆனால் மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை, ஷாம்பு லேபிள் எல்லாம் அச்சாகித்தான் கடைக்கு வரவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் இந்தப் பாடத்தின் பெயரே பி.இ. பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி. சேர்க்கை மற்ற பொறியியல் பாடங்களைப் போலத்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். மதிப்பெண் எட்டாவிட்டால் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

மெஷின் ஓட்ட ஆள் கிடைப்பார்கள். கலர் ஏன் மாறியது என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தவர்தான் அரிது. பட்டப்படிப்புக்கு மதிப்பு அங்கேதான். ஓர் உதாரணம். அச்சில் படம் என்பது நுண்ணிய மைப் புள்ளிகளின் கூட்டம். கம்ப்யூட்டரில் இடத்தின் 50 சதவீதத்தை மூடும்படி வைத்த மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) புள்ளி, பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகும்போது சுமார் 66 ஆகப் பெருகும். பூச்சில்லாத சாதாரணத் தாளான மேப்லித்தோவில் இன்னும் ஏறும். பிளேட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மை போகும் ஆஃப்செட் முறையில் இது எங்கும் நடப்பது. எவ்வளவு பெருகும் என்று முன்கூட்டியே தெரிந்து, பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) புள்ளியைச் சிறிதாக்கி ஈடுகட்டுவார்கள். அந்த ஈடு தவறினால் படத்தில் முகமெல்லாம் சிவந்துவிடும். வேலை கொடுத்த பார்ட்டி பக்கத்தில் நின்று கத்துவார். ஆபரேட்டர் அவசரத்தில் மெஜந்தா இங்க் கீயை (மை அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) குறைப்பார். முகம் சரியாகும், அதே தாளில் இருக்கும் சிவப்புத் தலைப்பு வெளுத்துப்போகும். காரணம், இங்க்கைக் குறைத்தால் முழு நிறமும் (புள்ளியாக இல்லாமல் முழுக்க மை படியும் இடமும்) சேர்ந்தே இறங்கும். குறை நடுப் புள்ளிகளில் மட்டும்தான். தாளின் ஓரத்தில் அச்சாகும் சோதனைப் பட்டையான கலர் பாரில் முழு நிறக் கட்டத்தையும் 50 சதவீதக் கட்டத்தையும் தனித்தனியாக அளந்து, பிளேட் கர்வை (புள்ளியை ஈடுகட்டும் கணக்கை) திருத்திப் புதுப் பிளேட் போடுவதே வழி. கண்ணை நம்பி இதைப் பிடிக்க முடியாது.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், லேபைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறதா, மாணவர் கையில் தருகிறார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கிறதா? அச்சுத் தாளைப் பார்க்க பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் வெளிச்சம் தரும் மேடை உண்டா? சாதாரண டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு மெரூன்கள் வெயிலில் வேறு வேறாகிவிடும். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆஃப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2 தரநிலையை வைத்து ஒரு ஜாபாவது மாணவர்களே ஓட்டி அளக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். டிசைன் மென்பொருளை மட்டும் சொல்லித்தரும் இடம் என்றால் அதற்கு நாலு வருஷம் அதிகம்.

படிப்பில் வேதியியலும் உண்டு. ஆஃப்செட்டில் பிளேட்டை நனைக்கும் தண்ணீரின் பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 5-ஐ ஒட்டி நிற்கவேண்டும்; ரொம்ப இறங்கினால் இங்க் காயத் தாமதமாகும், அடுக்கிய தாள்களின் முதுகில் கறை ஒட்டும்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம், இருப்பவருக்கே தெரியாமலும் இருக்கும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் கண் மருத்துவரிடம் வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை செய்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். குறைபாடு இருந்தால் படிக்கவே கூடாது என்றில்லை; அட்டைப்பெட்டி வடிவமைப்பு, உற்பத்தித் திட்டமிடல் பக்கம் போகலாம். கலர் பிரிவை மட்டும் நம்பிச் சேரவேண்டாம்.