காமராசரின் 'கே பிளான்' என்றால் என்ன?

ஆட்சிப் பொறுப்பில் இருக்கும் மூத்த காங்கிரஸ் தலைவர்கள் பதவி விலகி, முழுநேரக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று 1963இல் காமராசர் முன்வைத்த யோசனைதான் இது.

1962 சீனப் போருக்குப் பின் அம்ரோகா, ஃபரூக்காபாத், ராஜ்கோட் இடைத்தேர்தல்களில் கட்சி தோற்றிருந்தது. கடையில் அனுபவசாலிகள் எல்லாரும் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் பேச ஆள் ஏது? காங்கிரஸின் நிலை அதுதான்.

மத்திய அமைச்சர்கள் 6 பேர், முதல்வர்கள் 6 பேர் விலகினார்கள். ஒன்பது ஆண்டு முதல்வர் நாற்காலியைக் காமராசரே 1963 அக்டோபர் 2 அன்று விட்டு இறங்கினார். அதுதான் இதன் பெருமை. ஆனால் யாரை விடுவிப்பது என்பதை நேருவே முடிவு செய்ததால், அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயை ஓரங்கட்டவே இந்த ஏற்பாடு என்ற சந்தேகம் கிளம்பியது. விலகிய மத்திய அமைச்சர்களில் ஒருவரான லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜனவரியிலேயே அமைச்சராகத் திரும்பினார்.

பலர் நினைப்பதுபோல் இது பள்ளி மதிய உணவுத் திட்டம் அல்ல. அது 1950களில் அவர் முதல்வராக இருந்தபோதே தொடங்கிய வேறு பணி.