கொசுக்கடியைக் குழந்தை சொறிந்து புண்ணாக்காமல் காப்பது எப்படி?

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து எங்கள் நான்கு வயது மகளுக்கு முழங்காலுக்குக் கீழே கொசுக்கடித் தடிப்புகள் நிறைந்துவிட்டன. தூக்கத்திலேயே சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொள்கிறாள். புதிதாக ஒரு கொசு கடித்தாலும் போன வாரத்துத் தடிப்புகள் சேர்ந்து அரிக்கின்றன. மாமியார் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள். கால் முழுக்கக் கரும்புள்ளிகள் வேறு. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: பழைய தடிப்புகள் மறுபடி அரிப்பதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள தகவல். பெண் கொசு ரத்தம் உறிஞ்சும்போது, ரத்தம் உறையாதிருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்களை உடல் அந்நியப் பொருளாகக் கண்டு ஹிஸ்டமின் முதலியவற்றைச் சுரப்பதால்தான் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. ஏறத்தாழ இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளில் சிலருக்கு இந்த எதிர்வினை அளவுக்கு மீறி இருக்கும். ஒரு புதிய கடி, ஆறிக்கொண்டிருக்கும் பழைய இடங்களையும் கிளறிவிடும். மருத்துவர்கள் இதைப் பாப்புலர் அர்ட்டிகேரியா என்பார்கள். பார்க்க அச்சமூட்டினாலும், உடல் அந்தப் புரதங்களுக்குப் பழகப் பழகச் சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதுவரை நாம் தடுக்க வேண்டியது தோல் கிழிவதை. தடிப்பு எத்தனை பெரிதானாலும் சில நாட்களில் வடிந்துவிடும், நகம் பட்டுத் திறந்த தோலில்தான் கிருமி நுழைகிறது.

ஆகவே முதல் வேலை நகம் வெட்டுவது. வெட்டியபின் ஓரத்தில் கூர்மை இருக்கிறதா என்று உங்கள் கன்னத்தில் உரசிப் பார்த்து, இருந்தால் அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வாரம் இருமுறை இதைச் செய்வது எந்தக் களிம்பைவிடவும் பயன் தரும்.

அரிப்பை அடக்க முதலில் கைகொடுப்பது குளிர்ச்சி. கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். நாளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஒற்றடம் கொடுக்கலாம். ‘சொறியாதே’ என்று அதட்டினால் நான்கு வயதுக் குழந்தைக்கு அரிப்பின் மீதே கவனம் போகும். ஈரத் துணியை அவள் கையிலேயே கொடுத்து ஒற்றிக்கொள்ளச் சொல்வது நல்லது.

அடுத்தது கேலமைன் லோஷன். சில நாட்கள் அசையாமல் இருந்த பாட்டிலைப் பாருங்கள்: மேலே தெளிந்த நீரும் அடியில் இளஞ்சிவப்பு மண்டியும் தனித்தனியாக நிற்கும். குலுக்காமல் ஊற்றினால் மேல்நீர்தான் வரும். பிறகு ‘கேலமைன் கேட்கவில்லை’ என்று மருந்தைக் குறை சொல்வார்கள். நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, தோல் கிழியாத தடிப்புகளின் மேல் மட்டும் தடவி உலரவிடுங்கள். கண், வாய் அருகிலும் சொறிந்து திறந்த புண்ணிலும் வேண்டாம்.

படுக்கைச் சூட்டில் அரிப்பு கூடும் என்பதால் இரவில் தளர்வான பருத்தி உடையும் காற்றோட்டமும் வேண்டும். கொசுவலை இல்லாமல் மேற்சொன்ன எதுவும் முழுப்பயன் தராது. அப்படியும் தூக்கம் கெட்டால் செட்டிரிசின் போன்ற, ஒவ்வாமை அரிப்பை அடக்கும் மருந்தை மருத்துவர், குழந்தையின் வயதும் எடையும் பார்த்து அளவு சொல்லித் தருவார். மூத்த குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் சிரப்பை ஊகமாக ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பைப் பற்றி மாமியாரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது கடுமையான காரப்பொருள்; குழந்தையின் மெல்லிய தோலை, அதிலும் சொறிந்த இடத்தை, வெந்துபோகச் செய்யும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கற்பூரம் வாய்வழியாகச் சிறிதளவு உள்ளே போனாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். தடவிய காலைத் தொட்ட கை எப்படியும் வாய்க்குப் போகும். வெறும் தேங்காய் எண்ணெய் கெடுதல் செய்யாது. வறண்ட தோலுக்கு இதமாகவும் இருக்கும்.

கடைக்களிம்பின் மேலுறையைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பெட்டமெத்தசோன் என்று இருந்தால் அவை வீரியமான ஸ்டீராய்டுகள். பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த கூட்டுக் களிம்புகளாகவே இவை நம் கடைகளில் சர்வசாதாரணமாகக் கைமாறுகின்றன. இரண்டே நாளில் அரிப்பு அடங்குவதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலியும். ஸ்டீராய்டு தேவையென்றால் ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையானதை, மருத்துவர் சொன்னபடி, சில நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

தடிப்பைச் சுற்றிச் சிவப்பு பரவி, தொட்டால் சூடும் வலியும் இருந்தால், அல்லது சீழோ தேன்நிறப் பொருக்கோ கட்டினால், கிருமித் தொற்றாகிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக, இத்தகைய புண் ஆறிச் சில வாரங்களுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, காலையில் முகம் வீங்குவதும் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவதும் உண்டு. காய்ச்சல் இருந்து, அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கரும்பொருக்கு ஒன்று தென்பட்டால் அது கொசுக்கடி அன்று. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். தமிழகத்தில் மழைக்குப் பிந்திய மாதங்களில் அது மிகுதி என்பதால் குளிப்பாட்டும்போது உடல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். எந்தப் பூச்சி கடித்தாலும் கொட்டினாலும் உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு இரைத்து, குழந்தை துவண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பிருந்து, விரலிடுக்குகளில் பொரிப்பொரியாகத் தெரிந்தால் சிரங்கா என்று பார்க்க வேண்டும்; அதற்கான சிகிச்சை வேறு.

கரும்புள்ளிகள் தழும்புகள் அல்ல. அழற்சி ஆறிய இடத்தில் தங்கிய நிறமி. புதிய கடியும் சொறிதலும் நின்றபின் சில மாதங்களில் தாமாகவே மங்கும். அதற்கென்று விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளை நான்கு வயதுக் குழந்தைக்குத் தடவ வேண்டாம்.